பின் சில்லு: கழற்றுவதும் திரும்பப் பூட்டுவதும்

கொழும்பு வெள்ளவத்தையில் தொடர்மாடியொன்றில் வசிக்கும் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. அவரிடம் இருப்பது செயினில் ஓடும் 150 சிசி மோட்டார் சைக்கிள். பின் ரயர் தேய்ந்துவிட்டது. புதிய ரயரையும் வாங்கி வைத்திருக்கிறார். வண்டியைக் கராஜில் விட்டுவிட்டு நாள் முழுவதும் காத்திருக்காமல், கீழ்த்தளத் தரிப்பிடத்திலேயே சில்லை மட்டும் கழற்றி, முச்சக்கர வண்டியில் ரயர் கடைக்குக் கொண்டுபோய் மாற்றி வர முடியுமா, முன் அனுபவம் இல்லாத ஒருவர் இதைச் செய்யலாமா என்று கேட்கிறார்.

செய்யலாம். முதல் தடவை ஒன்றரை மணித்தியாலம் பிடிக்கும். மூன்றாவது தடவை அரை மணித்தியாலத்தில் முடியும். கழற்றுவதற்குப் பலம் போதும். திரும்பப் பூட்டுவதற்குத்தான் கவனம் வேண்டும். பின் சில்லில் நடக்கும் ஆபத்தான தவறுகள் எல்லாம் பூட்டும்போது நடப்பவை என்பதால், இந்தப் பதிலிலும் அந்தப் பகுதியையே நீட்டி எழுதியிருக்கிறேன்.

அதற்கு முன் ஒன்று. ரயரை மாற்றுவதற்காக என்றால் சில்லைக் கழற்றத்தான் வேண்டும். ஆனால் இதே கேள்வியைப் பஞ்சருக்காகக் கேட்பவர்களும் உண்டு. அலோய் சில்லில் ரியூப் இல்லாத ரயர் போட்ட வண்டியாக இருந்து, ஆணி ஏறியது நடுப்பகுதியிலாக இருந்தால், சில்லு வண்டியிலேயே இருக்கத் துளையில் ரப்பர் திரியைச் செருகி அடைத்துவிடலாம். அதற்காக எதையும் கழற்ற வேண்டியதில்லை. கம்பிச் சில்லும் ரியூபும் உள்ள வண்டிகளுக்கே கழற்றும் வேலை அடிக்கடி வரும்.

கருவிகள் அதிகம் தேவையில்லை. அச்சு நட்டுக்குச் சரியாகப் பொருந்தும் ஸ்பனர் அல்லது சொக்கெட் ஒன்று, அச்சின் மறு தலையைப் பிடித்துக்கொள்ள இன்னொரு ஸ்பனர், செயின் இழுவையைச் சரிசெய்யும் சிறு நட்டுகளுக்கு ஏற்ற ஸ்பனர்கள், ஒரு குறடு, சுத்தியல், மரக்கட்டை, கிறீஸ், பழைய துணி, துருவை இளக்கும் எண்ணெய் ஆகியவை போதும். அச்சு நட்டின் அளவு வண்டிக்கு வண்டி மாறுவதால், உங்கள் நட்டை அளந்து பார்த்துவிட்டுப் பஞ்சிகாவத்தைப் பக்கம் போனால் வேண்டியதை ஒரே கடையில் வாங்கிவிடலாம். வண்டியோடு வந்த கருவிப் பையிலுள்ள மெல்லிய ஸ்பனரையோ, வாய் அகலத்தை மாற்றும் ஸ்பனரையோ அச்சு நட்டில் போடாதீர்கள். நட்டின் மூலைகள் ஒருமுறை மழுங்கிவிட்டால் பிறகு எந்த ஸ்பனரும் அதைப் பிடிக்காது.

கொழும்பில் இந்த வேலைக்கு உள்ள முதல் எதிரி துரு. காலி வீதிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள ஒழுங்கைகளில் நிற்கும் வண்டிகளில் உப்புக் காற்றுப் படியாத இடம் இல்லை. அதன் மேல் மழை, வெயில், மறுபடி மழை. 2020 இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 இல்தான் மீண்டும் திறக்கப்பட்டது என்பதால், இப்போது ஓடும் வண்டிகளில் பல வயதானவை. அவற்றின் பின் அச்சு பல ஆண்டுகளாக அசையாமல் குழாயோடு ஒட்டிப் போயிருக்கும். ஆகவே வேலைக்கு முதல் நாள் இரவே டபிள்யூடி-40 போன்ற எண்ணெயை அச்சின் இரு முனைகளிலும், இழுவைத் திருகுகளிலும், பிறேக் கம்பியின் நுனி நட்டிலும் அடித்து ஊற விடுங்கள். டிஸ்க் தட்டிலோ பிறேக் டிரம்முக்குள்ளோ அது படக்கூடாது. துணியால் மறைத்துவிட்டு அடியுங்கள்.

இனி வண்டியை நிறுத்தும் விதம். சென்ரர் ஸ்ராண்ட் உள்ள வண்டி என்றால் பாதிக் கவலை தீர்ந்தது. தரை சீமெந்தாக இருப்பது நல்லது. மணலும் புல்லும் உள்ள முற்றத்தில் ஸ்ராண்ட் அமிழ்ந்து வண்டி சரியும். ஸ்ராண்டின் கால்களுக்குக் கீழே தடித்த பலகையொன்றை வைத்து ஏற்றினால் சில்லை வெளியே எடுக்கக் கூடுதலாக இரண்டு மூன்று விரற்கடை இடம் கிடைக்கும். மட்கார்ட் தாழ்வாக உள்ள வண்டிகளில் அந்த இடம் இல்லாவிட்டால் சில்லு வெளியே வராது. முன் சில்லுக்கு முன்னாலும் பின்னாலும் செங்கல் வையுங்கள். முன் பிறேக் பிடியைப் பழைய ரியூபில் வெட்டிய ரப்பர் வளையத்தால் இறுக்கிக் கட்டிவிடுங்கள். சென்ரர் ஸ்ராண்ட் வண்டி முன்னோக்கி நகர்ந்தால் மடங்கும்படி செய்யப்பட்டது என்பதை மறக்காதீர்கள். இறுகிய நட்டோடு மல்லுக்கட்டும்போது வண்டியை முன்பக்கமாக இழுத்தால், அது உங்கள் மேலேயே இறங்கும். அதனால் அச்சு நட்டை முதலில் சற்றே இளக்கும் வேலையை, இரண்டு சில்லும் தரையில் இருக்க, ஒருவர் வண்டியில் ஏறி உட்கார்ந்து பிறேக்கை மிதித்துக்கொண்டிருக்கும்போதே முடித்துவிட்டுப் பிறகு ஸ்ராண்டில் ஏற்றுவதே என் வழக்கம். ஸ்பனரைக் கீழ்நோக்கி அழுத்துவதுபோல் வைத்துக்கொள்ளுங்கள். சென்ரர் ஸ்ராண்ட் இல்லாத வண்டிக்கு, ஸ்விங்ஆமை (பின் சில்லை இரு பக்கமும் பிடித்திருக்கும் கைபோன்ற சட்டத்தை) தாங்கும் பின் ஸ்ராண்ட் வேண்டும். சைலென்சருக்கு அடியில் கல்லை அடுக்கி நிறுத்துவதைப் பல ஒழுங்கைகளில் பார்த்திருக்கிறேன். அந்தக் குழாய் வண்டியின் பாரத்தைத் தாங்குவதற்குச் செய்யப்பட்டதல்ல.

என்ஜினை நிறுத்தி, சாவியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துவிட்டு, கியரை நியூற்றலில் விடுங்கள். செயினைத் துடைப்பதற்காகவோ எண்ணெய் போடுவதற்காகவோ என்ஜினை ஓடவிட்டுச் சில்லைச் சுழலச் செய்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். செயினுக்கும் பல்லுக்கும் இடையில் துணி அகப்பட்டால் அதைப் பிடித்திருக்கும் விரலும் கூடவே போய்விடும். செயினோடு செய்யும் எந்த வேலைக்கும் சில்லைக் கையால்தான் சுற்ற வேண்டும்.

அடுத்து, உங்கள் வண்டியின் அமைப்பைக் கண்டுகொள்ள வேண்டும். செயின் வண்டிகளில் பின் சில்லு இரண்டு விதமாகப் பூட்டப்பட்டிருக்கும். நம் வீதிகளில் ஓடும் 100 முதல் 150 சிசி வரையிலான இந்திய வண்டிகள் பலவற்றில், செயின் ஏறியிருக்கும் பெரிய ஸ்ப்ரொக்கெட் தனக்கென்று ஒரு தாங்கியோடும் பேரிங்கோடும் ஸ்விங்ஆமின் இடப் பக்கத்தில் தனியாகப் பிணைக்கப்பட்டிருக்கும். அச்சு நட்டுக்குப் பின்னால், ஸ்விங்ஆமை ஒட்டினாற்போல், அதைவிடப் பெரிய இன்னொரு நட் தெரிந்தால் உங்கள் வண்டி இந்த வகை. அந்தப் பெரிய நட்டை நீங்கள் தொடவே கூடாது. அச்சு நட்டை மட்டும் கழற்றி அச்சை உருவினால், சில்லு, ஸ்ப்ரொக்கெட்டுக்கும் அதற்கும் இடையிலுள்ள ரப்பர் குஷன்களிலிருந்து வலப் பக்கமாக நழுவி வந்துவிடும். ஸ்ப்ரொக்கெட்டும் செயினும் இருந்த இடத்திலேயே இருக்கும். செயினின் இழுவையும் மாறாது. தெரியாமல் இரண்டு நட்டையும் கழற்றிவிட்டு, ஐந்து நிமிட வேலையை அரை நாள் வேலையாக ஆக்கிக்கொண்டவர்கள் உண்டு. மற்ற வகையில் ஸ்ப்ரொக்கெட் சில்லோடு சேர்ந்தே வரும். அதனால் செயினை அதிலிருந்து இறக்கியாக வேண்டும். அதற்காகச் செயினின் பூட்டுக் கண்ணியைக் கழற்ற வேண்டியதில்லை. இழுவைத் திருகுகளை இரு பக்கமும் ஒரே அளவாக, எத்தனை சுற்று என்று எண்ணிக் குறித்துக்கொண்டு இளக்கி, சில்லை முன்னோக்கித் தள்ளினால் செயின் தளர்ந்துவிடும்; பிறகு சில்லைக் கையால் மெல்லச் சுற்றிக்கொண்டே செயினைப் பல்லிலிருந்து வெளிப்பக்கமாக இறக்கிவிடலாம்.

கழற்றத் தொடங்குமுன் இரண்டு பக்கமும் கைத்தொலைபேசியில் தெளிவாகப் படமெடுத்துக்கொள்ளுங்கள். பத்துப் படம் எடுத்தாலும் அதிகமில்லை; கொட்டர் பின் (நட் கழலாமல் துளையில் கோத்து நுனியை வளைத்துவிடும் கம்பி ஊசி) எந்தப் பக்கமாக வளைந்திருந்தது, எந்த வொஷர் எங்கே இருந்தது என்பதெல்லாம் அப்போது பார்த்தவுடன் தெரிவதுபோல் இருக்கும், ஒரு மணித்தியாலம் கழித்து மறந்துபோயிருக்கும். கீழே ஒரு செய்தித்தாளை விரித்து, கழற்றும் வரிசையிலேயே இடமிருந்து வலமாக அடுக்குங்கள்.

டிரம் பிறேக் உள்ள வண்டியில் முதலில் பிறேக் கம்பியின் நுனியிலுள்ள திருகு நட்டைக் கழற்றி, கம்பியை நெம்பிலிருந்து விடுவிக்க வேண்டும். உள்ளேயிருந்த சிறு உருளையையும் ஸ்பிரிங்கையும் உடனே கம்பியிலேயே திரும்பக் கோத்து, நட்டை இரண்டு சுற்றுப் போட்டு வைத்தால் அவை தொலையாது. அடுத்தது, பிறேக் தட்டை ஸ்விங்ஆமோடு பிணைக்கும் தட்டைக் கம்பி. அதன் போல்ற்றில் கொட்டர் பின்னோ ஊசிக் கிளிப்போ இருக்கும். அதை எடுத்துவிட்டு நட்டைக் கழற்றுங்கள். டிஸ்க் பிறேக் உள்ள வண்டியில், டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் கலிப்பர் தன் தாங்கியோடு விலகும்; அதை ஒரு கம்பியால் சட்டத்தில் கட்டித் தொங்கவிட வேண்டும், எண்ணெய்க் குழாயில் அதன் பாரம் தொங்கக்கூடாது. டிஸ்க் வெளியே வந்ததும் கலிப்பருக்குள் உள்ள பிறேக் பட்டைகளுக்கு இடையில் தடித்த காட்போட் துண்டொன்றைச் செருகிவிடுங்கள். சில்லு இல்லாத நேரத்தில் யாராவது பிறேக்கை மிதித்தால் பிஸ்டன் வெளியே வந்து பட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிவிடும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் இதை இரண்டு தடவை நினைத்துக்கொள்ளுங்கள்.

அச்சு நட்டை முழுவதும் கழற்றியபின் அச்சு கையால் இழுக்க வராவிட்டால், அதன் மரையில் சுத்தியலால் அடிக்க வேண்டாம். நட்டை மரை முனையின் மட்டத்துக்குத் திரும்பப் பூட்டி, அதன் மேல் மரக்கட்டையை வைத்துத் தட்டுங்கள். அசையத் தொடங்கியதும் நட்டை எடுத்துவிட்டு, அச்சைவிட மெல்லிய ஒரு பித்தளைக் கம்பியால் உள்ளே தள்ளலாம். அச்சு உருவும்போது இன்னொரு கையால் சில்லைத் தாங்கிக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் அச்சில் கோத்திருக்கும் குட்டைக் குழாய்களான ஸ்பேசர்கள் உருண்டு விழும். இடப் பக்கத்ததும் வலப் பக்கத்ததும் பெரும்பாலும் ஒரே நீளமாக இரா. விழுந்தபின் எது எந்தப் பக்கத்தது என்று யோசிப்பதைவிட, விழுமுன் பிடிப்பது எளிது. நான் முதன்முதலில் இந்த வேலையைச் செய்தபோது எல்லாம் பூட்டி, நட்டை இறுக்கி, கை கழுவிவிட்டு வந்து பார்த்தால், ஒரு ஸ்பேசர் செய்தித்தாளின் மடிப்புக்குள் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. சில்லு ஏன் சுற்ற மறுக்கிறது என்று அதற்கு முன் கால் மணித்தியாலமாக யோசித்துக்கொண்டிருந்தேன்.

சில்லு கையில் வந்ததும் உடனே கடைக்கு ஓடாதீர்கள். வேறெப்போதும் கண்ணில் படாத பகுதிகள் இப்போதுதான் தெரிகின்றன. பேரிங்கின் உள் வளையத்தை விரலால் சுற்றிப் பாருங்கள். மணல் அரைவதுபோல் கரகரப்பு இருந்தால் அதையும் மாற்றும் நேரம் வந்துவிட்டது. ரப்பர் குஷன்கள் நசுங்கியிருந்தால் வண்டி கியர் மாறும்போது பின்னாலிருந்து தட்டும். ஸ்ப்ரொக்கெட் பல்லுகள் ஒரு பக்கமாகச் சரிந்து கொக்கிபோல் வளைந்திருந்தால் செயினையும் இரண்டு ஸ்ப்ரொக்கெட்டுகளையும் ஒருமிக்க மாற்ற வேண்டும். பழைய பல்லில் புதிய செயினைப் போட்டால் அந்தச் செயினும் சீக்கிரமே போய்விடும். 428 என்ற அளவுள்ள செயினில் ஒரு கண்ணியின் நீளம் 12.7 மில்லிமீற்றர், ஆகவே 20 கண்ணிகள் புதிதாக இருக்கும்போது 254 மில்லிமீற்றர் நீளம் இருக்கும். இழுத்துப் பிடித்து அளந்து 259 ஐத் தாண்டினால் அந்தச் செயினுக்கு விடை கொடுத்துவிடலாம். டிரம்முக்குள் இருக்கும் பிறேக் ஷூவின் பட்டை 2 மில்லிமீற்றருக்குத் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். அங்கே படிந்திருக்கும் கறுப்புத் தூசியை வாயால் ஊதவோ காற்றுக் குழாயால் அடிக்கவோ வேண்டாம். பழைய பட்டைகளில் கல்நார் இருந்திருக்கலாம். ஈரத் துணியால் துடைத்து அந்தத் துணியை எறிந்துவிடுங்கள்.

ரயர் கடையில் சொல்ல வேண்டியவை இரண்டு. ரயரின் பக்கவாட்டில் உள்ள அம்புக்குறி சில்லு முன்னோக்கிச் சுழலும் திசையைக் காட்ட வேண்டும். சில்லைத் தனியாகக் கொண்டுபோகும்போது எது இடம், எது வலம் என்று கடைக்காரருக்குத் தெரியாது என்பதால், செயின் பக்கத்தில் சோக்கால் ஓர் அடையாளம் போட்டுக் கொடுங்கள். டிஸ்க் உள்ள சில்லு என்றால் அந்தப் பக்கத்தைத் தரையில் வைத்து ஏறி மிதிக்கக்கூடாது என்றும் சொல்லுங்கள்.

இனிப் பூட்டுவது. அச்சைத் துடைத்து, துருவை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்தெடுத்து, மரையைத் தவிர மற்ற நீளம் முழுவதும் கிறீஸை மெல்லிய படலமாகப் பூசுங்கள். அடுத்த தடவை அச்சு விரலோடு வரும். சில்லைக் கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டே அச்சைக் கோப்பது தனியாளுக்குக் கடினம். ரயருக்கு அடியில் ஒரு பலகையை வைத்து அதன் நுனியைக் காலால் மிதித்து உயர்த்தினால் துளைகள் நேராக வந்துவிடும். செயினை இறக்கியிருந்தால், அச்சைக் கோக்குமுன் அதை ஸ்ப்ரொக்கெட்டில் ஏற்றிவிடுங்கள். டிஸ்க் வண்டியில் தட்டு இரண்டு பட்டைகளுக்கும் நடுவில் போகிறதா என்று கண்ணால் பார்த்து நுழையுங்கள். தள்ளி நுழைத்தால் பட்டையின் ஓரம் உடையும். அச்சு நட்டை இப்போது கையால் மட்டும் ஓட்டுங்கள்.

டிரம் பிறேக் வண்டிக்கு இந்தப் பதிலிலேயே மிக முக்கியமான வரி இது: பிறேக் தட்டின் தட்டைக் கம்பியைப் பூட்டி, அதன் கொட்டர் பின்னைப் போடாமல் அந்த வண்டியை ஒரு அடிகூட ஓட்டாதீர்கள். பிறேக்கை மிதிக்கும்போது ஷூக்கள் சுழலும் டிரம்மைப் பிடிக்கின்றன. டிரம்மோ அந்தத் தட்டையும் தன்னோடு சுழற்றப் பார்க்கிறது. அதைத் தடுத்து நிறுத்துவது அந்த ஒற்றைக் கம்பி மட்டுமே. அது இல்லாவிட்டால் முதல் மிதியிலேயே தட்டுச் சுழன்று, பிறேக் கம்பியை இழுத்து வளைத்து, சில்லை ஒரேயடியாகப் பூட்டிவிடும். காலி வீதியில் பஸ்களுக்கு நடுவில் அது நடந்தால் என்ன ஆகும் என்று விவரிக்கத் தேவையில்லை. தட்டைக் கம்பிக்குப் பதிலாக ஸ்விங்ஆமில் உள்ள முளை தட்டின் பள்ளத்தில் பொருந்தும் அமைப்பும் சில வண்டிகளில் உண்டு; அப்படியானால் அந்த முளை சரியாக உட்கார்ந்திருப்பதைத் தொட்டே பாருங்கள். பழைய கொட்டர் பின்னை நிமிர்த்தித் திரும்பப் போட வேண்டாம். வளைத்து நிமிர்த்திய இடத்தில் அது முறியும்.

செயின் இழுவைக்கு வருவோம். இரண்டு ஸ்ப்ரொக்கெட்டுகளுக்கும் நடுவே, கீழ்ப்பக்கச் செயினை விரலால் மேலும் கீழும் அசைத்து அளக்க வேண்டும். சிறிய வண்டிகள் பலவற்றுக்கு மொத்த அசைவு 20 முதல் 30 மில்லிமீற்றர் வரை. உங்கள் வண்டிக்குரிய அளவு கைநூலிலோ செயினுக்கு அருகிலுள்ள ஸ்டிக்கரிலோ இருக்கும். செயின் எல்லா இடத்திலும் ஒரே சீராகத் தேய்வதில்லை என்பதால் சில்லைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, மிக இறுக்கமாக உள்ள இடத்தில் அளவெடுங்கள். நம்மவர்களுக்குச் செயின் தொங்கினால் பயம்; கிற்றார் நரம்புபோல் இழுத்து வைத்தால் நிம்மதி. உண்மையில் அதிகம் இறுகிய செயினே கூடுதல் கேடு செய்யும். வண்டியில் இருவர் ஏறிப் பள்ளத்தில் இறங்கும்போது ஸ்விங்ஆம் மேலெழுந்து செயின் இன்னும் இறுகும்; அந்த இழுப்பு முழுவதும் கியர்ப் பெட்டியிலிருந்து வெளிவரும் தண்டின் பேரிங்கில்தான் போய் விழும். ஒரு செயினின் விலை எங்கே, என்ஜினைப் பிரிக்கும் கூலி எங்கே?

ஸ்விங்ஆமில் வெட்டியிருக்கும் கோடுகளை மட்டும் நம்பி இரு பக்கத்தையும் சமன் செய்யாதீர்கள். அவை எப்போதும் துல்லியமாக இருப்பதில்லை. ஸ்விங்ஆமின் முன் அச்சு மையத்திலிருந்து பின் அச்சு மையம் வரை இரு பக்கமும் நாடாவால் அளந்து பாருங்கள். பின்னால் குந்தியிருந்து செயினின் மேல் ஓட்டத்தை ஒரு கண்ணால் நோக்குங்கள். அது ஸ்ப்ரொக்கெட்டிலிருந்து நேராகப் போக வேண்டும். நட்டை இறுக்கும்போது அச்சு பின்னோக்கி நழுவாமல் இருக்க, மடித்த துணியொன்றைச் செயினின் மேல் ஓட்டத்துக்கும் பல்லுக்கும் இடையில் வைத்து, விரலை எடுத்துவிட்டு, சில்லைப் பின்னோக்கிச் சற்றே சுற்றுங்கள். செயின் இறுகி அச்சை முன்னுக்கு இழுத்து இழுவைத் திருகுகளோடு அணைத்து வைத்துக்கொள்ளும்.

பலர் விட்டுவிடும் இன்னொரு படி உண்டு. டிரம் வண்டியில் பிறேக் கம்பியைக் கோத்தபின், அச்சு நட்டை முழுவதும் இறுக்குமுன், பிறேக்கைப் பலமாக மிதித்துப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, அந்த நிலையிலேயே நட்டை இறுக்குங்கள். ஷூக்கள் டிரம்மின் நடுவில் தாமாகவே அமரும்; பிறேக் ஒரு பக்கமாகக் கடிக்காது.

எவ்வளவு இறுக்குவது என்பதற்குக் கைநூலில் நியூட்டன் மீற்றர் கணக்கில் ஓர் எண் இருக்கும். அளவு காட்டும் ரொர்க் ஸ்பனர் இல்லாதவர்களுக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். 25 சென்ரிமீற்றர் நீளமான ஸ்பனரின் நுனியில் 25 கிலோ பாரத்துக்கு ஒப்பாக, அதாவது அரை மூட்டைச் சீமெந்தைத் தூக்கும் அளவுக்குக் கையால் அழுத்தினால், நட்டில் ஏறுவது ஏறத்தாழ 61 நியூட்டன் மீற்றர். கைநூல் சொல்லும் எண்ணை இதோடு ஒப்பிட்டுக் கூட்டியோ குறைத்தோ கொள்ளுங்கள். ஸ்பனரில் நீண்ட குழாயைச் செருகி ஏறி நின்று இறுக்க வேண்டாம். காற்றுத் துப்பாக்கியால் அளவில்லாமல் இறுக்கிய அச்சு நட்டொன்றைக் கழற்றப்போய் மரையையே இழந்த அனுபவம் எனக்கு உண்டு.

பிறேக் மிதியின் வெற்று ஓட்டத்தைக் கம்பியின் நுனி நட்டால் சரிசெய்து, மிதித்தவுடன் பின் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். டிஸ்க் வண்டி என்றால், புறப்படுமுன் மிதி கெட்டியாகும் வரை பல தடவை மிதியுங்கள்; பட்டைகள் விலகியிருப்பதால் முதல் மிதிகள் வெறுமையாகப் போகும். பிறகு ஒழுங்கைக்குள்ளேயே மெதுவாக இரண்டு தடவை போய் வந்து, பிறேக் பிடித்துப் பார்த்துவிட்டு, சில்லின் நடுப்பகுதியைப் புறங்கையால் தொடுங்கள். இளஞ்சூடு சரி, கை வைக்க முடியாத சூடு என்றால் பிறேக் விடாமல் உரசிக்கொண்டிருக்கிறது, நுனி நட்டை இரண்டு சுற்று இளக்க வேண்டும். புதிய ரயரின் மேற்பரப்பு முதல் 100 கிலோமீற்றர் வரை வழுக்கும்; அந்தத் தூரம் முடிந்த நாளில் அச்சு நட்டிலும் கொட்டர் பின்னிலும் மறுபடி ஒருமுறை கை வைத்துப் பாருங்கள்.